தொடக்கத்தில் ஏன் இந்த மௌனம்?

அறிவியல் வளர்ந்துவிட்டது என்று பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால், வளர்ந்த அறிவியல் தந்த கருவி ஒன்று வேலை செய்ய மறுக்கும்போது, அறிவியல் பயிலும் மாணவராகிய நாம் செய்வது என்ன? தட்டிப் பார்க்கிறோம். அணைத்து மறுபடியும் போடுகிறோம். பேட்டரியை மாற்றுகிறோம். பிறகு, "இது போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விசாரணை இல்லாத தீர்ப்பு! குற்றம் எது, சாட்சி எங்கே என்று கேளாத தீர்ப்பு! ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு பிசகினால் மூன்று முறை திரும்ப அளக்கும் நாம், நம் அறை மேசையின்முன் உட்கார்ந்ததும் ஏன் இவ்வளவு அவசரக்காரராகிவிடுகிறோம்?

நான் சொல்லவந்தது சிறிய செய்தி. கம்பியில்லா விசைப்பலகையைப் பற்றியது. கீபோர்டு என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அதைப் பற்றியது. கணினியைத் தொடங்கும் முதற் சில நொடிகளில் அது வாய் திறப்பதில்லை. எத்தனை முறை அழுத்தினாலும் ஓர் எழுத்தும் திரையில் விழுவதில்லை. இயங்குதளம் எழுந்து வந்த பின்னரோ, ஒன்றுமே நடவாததுபோல் ஒழுங்காக வேலை செய்கிறது. இதைக் கண்டு மயங்காதவர் நம்முள் குறைவு. செய்தி சிறிதே. ஆனால் அந்த மயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. ஆகவேதான் எழுதுகிறேன்.

நம்மில் பலர் ஊர் விட்டு வந்தவர்கள். தஞ்சையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து, மல்லேஸ்வரத்தின் குறுக்குச் சாலைகளில் இருவரும் மூவருமாக அறை பிடித்துத் தங்கியிருப்பவர்கள். புத்தம் புதிய கணினி வாங்கும் வசதி சிலருக்கே உண்டு. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய பெட்டி ஒன்று, படிப்பு முடிந்து போன அண்ணன் விட்டுச் சென்ற திரை ஒன்று, யாரோ கொடுத்த கம்பியில்லா விசைப்பலகை ஒன்று; இப்படித்தான் நம் மேசை நிறைகிறது. வீட்டிலிருந்து வரும் பணத்தில் தந்தையின் வியர்வையும் தாயின் சிக்கனமும் கலந்திருப்பதை நாம் அறிவோம். அந்தப் பணத்தை நம் அறியாமைக்குக் கப்பமாகக் கட்டலாமா?

சென்ற பருவத்தில் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே நாள் இருந்தது. மூன்று மாத அளவீடுகள் அனைத்தும் கணினிக்குள். பாதுகாப்பு வேண்டும் என்று அந்த வாரம்தான் வட்டு முழுவதற்கும் பூட்டுப் போட்டிருந்தார். காலையில் கணினியைத் தொடங்கினால், கறுப்புத் திரையில் நின்று வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. தட்டுகிறார், தட்டுகிறார், ஒரு புள்ளி விழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு ஓடினார். பார்த்தவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்." கேட்ட தொகை ஒரு மாத அறை வாடகைக்கு மேல். கையில் பணமில்லாததே அன்று அவரைக் காத்தது. பெட்டியோடு அறைக்குத் திரும்பினார். பக்கத்து அறைத் தம்பி ஒருவர், பரணில் கிடந்த பழைய கம்பி விசைப்பலகையைத் தூசி தட்டிக் கொண்டுவந்து செருகினார். கடவுச்சொல் விழுந்தது. வட்டுத் திறந்தது. தாய்ப்பலகை நலமாகவே இருந்தது. கம்பியில்லா விசைப்பலகையும் நலமாகவே இருந்தது.

அப்படியானால் எதுதான் பழுது? எதுவுமே பழுதில்லை. இதுதான் நாம் முதலில் உணர வேண்டியது. எல்லாம் நன்றாக இருந்தும் வேலை நடவாத நிலை ஒன்று உண்டு. பேசுகிறவரும் நலம், கேட்கிறவரும் நலம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

கணினியின் மின்விசையை அழுத்தியதும் விண்டோஸோ லினக்ஸோ உடனே எழுந்துவிடுவதில்லை. முதலில் எழுவது, தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லுக்குள் எழுதிவைக்கப்பட்டிருக்கும் நிரல். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினியில் அதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் அதன் இடத்தை யூ.இ.எஃப்.ஐ. பிடித்துக்கொண்டது, பேச்சுவழக்கில் இன்னும் பயாஸ்தான். நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று அது சுற்றிப் பார்க்கும்; வட்டிலுள்ள இயங்குதளத்தை எழுப்பிவிடும்; பிறகு ஒதுங்கிக்கொள்ளும்.

அலுவலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் கதவைத் திறப்பவர் காவலாளி. பத்து மணிக்கு வருபவர் அதிகாரி. அதிகாரியோடு மொழிபெயர்ப்பாளர் பலர் வருவர். எந்த மொழியில் பேசினாலும் அவரிடம் காரியம் நடக்கும். காவலாளிக்கோ ஓரிரு மொழிகளே தெரியும். பயாஸ்தான் காவலாளி, இயங்குதளமே அதிகாரி. விடியற்காலையில் வந்து, அதிகாரிக்கு மட்டுமே தெரிந்த மொழியில் கதவைத் தட்டினால், யார் திறப்பார்?

கம்பியுள்ள விசைப்பலகையின் மொழி காவலாளிக்குத் தெரியும். யூ.எஸ்.பி. முறை 1996-இல் வந்தது. அதில் விசைப்பலகைக்கு விதி வகுத்தவர்கள் இந்தக் காவலாளியை மறந்துவிடவில்லை. தொடக்க நேரத்துக்கென்றே மிக எளிய பேச்சு ஒன்றை வகுத்தார்கள். ஒரு செய்திக்கு எட்டே பைட்டு. முதற் பைட்டில் ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற துணை விசைகள்; அடுத்தது ஒதுக்கிவைத்த வெற்றிடம்; எஞ்சிய ஆறில், அந்நேரம் அழுத்தப்பட்டிருக்கும் ஆறு விசைகள் வரை. எவ்வளவு சுருக்கம்! இதைப் புரிந்துகொள்ளப் பெரிய நிரல் வேண்டியதில்லை. காவலாளி புரிந்துகொள்கிறார், கதவு திறக்கிறது.

கம்பியில்லாதவை இரு சாதி. இதை அறியாததே குழப்பத்துக்கெல்லாம் வேர். ஒன்று, டாங்கிள் என்னும் சிறு துண்டோடு வருவது. வானலையில் நடக்கும் பேச்சு முழுவதும் விசைப்பலகைக்கும் டாங்கிளுக்கும் இடையே நடக்கிறது. அவை இரண்டும் சேர்ந்தவை என்ற குறிப்பும் டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. கணினியின் பக்கம் திரும்பியதும் அந்த டாங்கிள், "நான் ஒரு சாதாரண யூ.எஸ்.பி. விசைப்பலகை" என்று அறிமுகம் செய்துகொள்கிறது. நடுவில் கம்பி இல்லை என்ற செய்தியே காவலாளிக்குத் தெரியாது. ஆகவே இவ்வகை பெரும்பாலும் தொடக்கத்திலும் வேலை செய்யும்.

மற்றொன்று புளூடூத் வகை. இதற்குத் தூதுவன் இல்லை. கணினிக்குள் இருக்கும் புளூடூத் சில்லோடு நேரே பேச வேண்டும். அந்தச் சில்லை இயக்கவும், அதன் பேச்சை அடுக்கடுக்காகப் பிரித்து விசையாக்கவும் தேவையான நிரல்கள் இயங்குதளத்தில் இருக்கின்றன. அதுமட்டுமா? விசைப்பலகையும் கணினியும் முதன்முறை கைகுலுக்கியபோது தமக்குள் ஓர் இரகசியச் சாவியைப் பகிர்ந்துகொண்டன. அந்தச் சாவியைப் பெரும்பாலான கணினிகளில் இயங்குதளம் வட்டில்தான் சேமித்துவைக்கிறது. என் நண்பரின் நிலையை இப்போது பாருங்கள். வட்டைத் திறக்க விசைப்பலகை வேண்டும். விசைப்பலகையை அடையாளம் காணும் சாவியோ பூட்டிய வட்டுக்குள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்!

இதே காரணத்தால் நேரும் இன்னொன்றும் உண்டு. தமிழ் மாணவர் அறிய வேண்டியது. 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ் 99 முறையில் நாம் தட்டுகிறோம். ஆனால் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்வது இயங்குதளம். விசைப்பலகை அனுப்புவது விசையின் எண்ணை மட்டுமே. ஆகவே வட்டின் பூட்டுக்குத் தமிழில் கடவுச்சொல் வைக்க ஆசைப்படாதீர்கள். தொடக்க நேரக் காவலாளி பெரும்பாலும் ஆங்கில விசை அமைப்பையே அறிவார். தமிழ்ப்பற்றை வேறு இடத்தில் காட்டுவோம். பூட்டுக்கு வெளியே நின்று காட்ட வேண்டாம்.

"கம்பியை அறுத்ததே தவறு, பழையதே நல்லது" என்று சில நண்பர்கள் முடிவு கட்டக்கூடும். அதுவும் அவசரத் தீர்ப்பே. ஐ.பி.எம். நிறுவனம் 1983 நவம்பரில் அறிவித்து 1984-இல் விற்பனைக்கு விட்ட பி.சி. ஜூனியர் என்னும் கணினியை நினைவுகூர்வோம். அதன் விசைப்பலகை கம்பியில்லாதது. அகச்சிவப்புக் கதிரால் பேசியது. அதன் சின்னஞ்சிறு விசைகளைப் பலர் குறை கூறினர். கணினிக்கு எதிரே நேராக வைத்துத் தட்ட வேண்டிய தொல்லையும் இருந்தது. ஆனால் கணினி தொடங்கும்போதே அது பேசியது. ஏன்? அந்த அகச்சிவப்பு மொழியைப் புரிந்துகொள்ளும் நிரல் தாய்ப்பலகையின் பயாஸிலேயே இருந்தது. காவலாளிக்கு மொழி கற்பித்திருந்தார்கள்! ஆகவே குற்றம் கம்பி இல்லாததில் இல்லை. தொடக்க நேரத்தில் காதுகொடுப்பவருக்கு மொழி கற்பிக்காததில்தான் இருக்கிறது. 2015-இல் வந்த யூ.இ.எஃப்.ஐ. விதித்தொகுப்பு புளூடூத்துக்கும் இடம் வகுத்தது. இணைந்த விசைப்பலகையின் சாவியைத் தாய்ப்பலகையிலேயே காத்துவைக்கும் கணினிகளும் உண்டு. ஆனால் விதி இருப்பது வேறு, ஒவ்வொரு கணினியிலும் அதை நிறைவேற்றுவது வேறு. நம் அறைகளில் உள்ள பழைய பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, மௌனத்தைக் கண்டால் என்ன செய்வது? நோய் என்ன, அதன் காரணம் என்ன, தணிக்கும் வழி என்ன என்று வரிசையாக ஆராய்ந்த பின்பே கை வைக்கச் சொன்னார் வள்ளுவர். மருத்துவருக்குச் சொன்னதுதான், மாணவருக்கும் பொருந்தும்.

முதற் கேள்வி: மௌனம் எந்தக் கட்டத்தில்? இயங்குதளம் எழுந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வந்த பின்னும் விசை விழவில்லை என்றால், பேட்டரியையும் விசைப்பலகையின் இணைப்பையும் பார்க்கலாம். சுட்டி வேலை செய்தால், அத்திரையிலேயே கிடைக்கும் திரை விசைப்பலகையால் உள்ளே நுழையலாம். அதற்கு முந்திய கறுப்புத் திரையில் மட்டும் மௌனம் என்றால், வழக்கு வேறு. காவலாளியைத்தான் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: டாங்கிளா, புளூடூத்தா? புளூடூத் என்றால் அதிக நேரம் போராட வேண்டாம். கம்பி விசைப்பலகையைத் தேடுங்கள். இரண்டு வழியிலும் இயங்கும் விசைப்பலகைகளும் உண்டு. டாங்கிள் இருக்குமானால் அந்த வழிக்கு மாற்றிப் பாருங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர் இன்னொன்றும் அறிக. ஒன்றில் இணைத்த புளூடூத் விசைப்பலகை மற்றொன்றில் பேசாமற் போகலாம். இரண்டும் தனித்தனி இரகசியச் சாவி வைத்துக்கொள்வதே காரணம்.

மூன்றாம் கேள்வி: டாங்கிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது? பல துளையுள்ள ஹப்பில் இருந்தால் எடுத்து, பெட்டியின் பின்புறத்தில் தாய்ப்பலகையோடு சேர்ந்த துளையில் செருகுங்கள். நீலத் துளையை விடக் கறுப்புத் துளை நல்லது. பெரும்பாலும் நீலமாக இருப்பது யூ.எஸ்.பி. 3. அதன் தரவு ஓட்டத்திலிருந்து கசியும் இரைச்சல், டாங்கிள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் தொடுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. தவிர, பழைய பெட்டிகள் சிலவற்றில் யூ.எஸ்.பி. 3 துளையைத் தொடக்கத்தில் காவலாளி கவனிப்பதே இல்லை. சிறு நீட்டிப்புக் கம்பி ஒன்றால் டாங்கிளைப் பெட்டியிலிருந்து சற்று விலக்கி வைப்பதும் பலன் தரும்.

நான்காம் கேள்வி: காவலாளியே அவசரத்தில் இருக்கிறாரா? பயாஸ் அமைப்பில் விரைவுத் தொடக்கம் என்றொரு வசதி உண்டு. சில நொடிகளை மிச்சப்படுத்த, யூ.எஸ்.பி. கருவிகளைப் பாராமலே அது கடந்துவிடும். அதை நிறுத்திவிட்டு, பழைய முறை யூ.எஸ்.பி. ஆதரவு என்பதை இயக்கத்தில் வையுங்கள். விசையே வேலை செய்யாதபோது பயாஸுக்குள் எப்படி நுழைவது என்று கேட்பீர்கள். விண்டோஸ் எழுந்த பின், அமைப்புகளில் மீட்பு என்ற பகுதியிலுள்ள மேம்பட்ட தொடக்கத்தின் வழியே, உள்ளிருந்தே பயாஸுக்குப் போகலாம். ஆனால் ஒன்று: பயாஸில் மாற்றம் செய்தால், விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு சில வேளைகளில் ஐயுற்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்பே தாளில் எழுதி வைத்துவிட்டுக் கை வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகு, கம்பி விசைப்பலகையும் மௌனம் சாதித்தால், அப்போது தாய்ப்பலகையைச் சந்தேகியுங்கள். அதற்கு முன் அன்று.

பெட்டியில் அச்சிட்டு விற்பவர்களுக்கும் ஒரு சொல். விசைப்பலகையின் அட்டைப்பெட்டியில், இன்னின்ன இயங்குதளம் தேவை என்று சிற்றெழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். இயங்குதளம் எழுமுன் இது பேசாது என்பது அந்த வரிக்குள் ஒளிந்திருக்கும் பொருள். அதை வெளிப்படையாகச் சொன்னால் என்ன? "கணினி தொடங்கும்போது இது வேலை செய்யாமலிருக்கலாம், கம்பி விசைப்பலகை ஒன்று வைத்துக்கொள்க" என்று ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகும்? வாங்குபவர் அறிந்து வாங்குவது அவர் உரிமை. அதைக் கேட்பதும் நம் கடமை.

"மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை ஏது?" என்பர் சிலர். உண்மை. மடிக்கணினியின் விசைப்பலகை உள்ளேயே கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தொடக்கத்திலும் பேசும். ஆனால் அதன்மேல் தேநீர் கொட்டி நாலு விசை செத்தவர்கள் நம்மில் இல்லையா? வெளி விசைப்பலகையை நம்பி நாள் ஓட்டுபவர்கள் இல்லையா? அவர்களும் இந்த வழக்கில் வாதிகளே. "சில நூறு ரூபாய்க் கம்பி விசைப்பலகை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு ஒரு கட்டுரையா?" என்பர் வேறு சிலர். தீர்ந்துவிடும்தான். ஆனால் அதுதான் மருந்து என்று தெரிந்தவருக்கே தீரும். தெரியாதவர், மாதப் பணத்தைத் தாய்ப்பலகைக்குக் கொடுத்துவிட்டு வருவார். நல்ல பலகை ஒன்று குப்பைக்குப் போகும். புதுப் பலகை போட்ட பின்னும் விசைப்பலகை பேசாது. அதுவும் புளூடூத்தின் மொழி அறியாத காவலாளியோடுதானே வரும்!

ஆகவே நம் மன்றத்தின்முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று: மன்ற அறையில் கம்பி விசைப்பலகை இரண்டு வாங்கி வைப்போம், நூல் இரவல் கொடுப்பதுபோல் பெயர் எழுதிக் கொடுப்போம். இரண்டு: மேலே கேட்ட கேள்விகளை ஒரே தாளில் எளிய தமிழில் அச்சிட்டு, புதிதாக வரும் ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுப்போம். ஊரிலிருந்து வந்து இறங்கும் தம்பிக்கும் தங்கைக்கும், உணவகம் எது, பேருந்து எது என்று சொல்லிக்கொடுக்கும் நாம், இதையும் சொல்லிக்கொடுக்கலாமே. மூன்று: வட்டுக்குப் பூட்டுப் போடுமுன், தொடக்கத் திரையில் நம் விசைப்பலகை பேசுகிறதா என்று ஒரு முறை சோதித்துக்கொள்வதை வழக்கமாக்குவோம். ஒரு நிமிட வேலை; மூன்று மாத உழைப்புக்குக் காவல்.

இந்த மல்லேஸ்வரத்தில்தான் சர் சி.வி. ராமனின் 'பஞ்சவடி' இல்லம் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1928-இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டு, 1930-இல் நோபல் பரிசு பெற்று, 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தவர் அவர். எளிய கருவிகளைக்கொண்டு பெரிய கேள்விகளைக் கேட்டவர். அவர் வாழ்ந்த தெருக்களில் நடக்கும் நாம், மேசைமேல் இருக்கும் எளிய கருவியிடம் எளிய கேள்வி ஒன்றைக்கூடக் கேட்கமாட்டோமா?

நண்பர்களே, கருவி மௌனமாக இருந்தால், பழுது என்று பட்டம் சூட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அது யாரோடு பேச முயல்கிறது, கேட்க வேண்டியவர் அந்நேரம் விழித்திருக்கிறாரா, அவருக்கு இதன் மொழி தெரியுமா என்று கேளுங்கள். இத்தனையும் கேட்ட பின் பணப்பையைத் திறந்தால் போதும்.